அணிலின் தப்புகள்

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு அணிலுக்கு வேலை போகவிருந்த கதையைச் சொல்கிறேன்.

மரத்தில் ஓடும் அணில் இல்லை. பொம்மைப் படத்தில் வாய் ஓயாமல் பேசுகிற அணில். அதற்குக் குரல் கொடுத்தவளை ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோரும் அணில்காரி என்றே கூப்பிட்டார்கள்.

அன்று தயாரிப்பாளரே நேரில் வந்து நின்றார். கரடி, நரி எல்லாம் எப்போதோ பேசி முடித்துவிட்டன. அணில் மட்டும் இழுத்துக்கொண்டே போனது.

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள முடியலேன்னா, அணிலுக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் நின்ற அணில்காரிக்கு அது ஹெட்போனில் நன்றாகவே கேட்டது. இந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளனை அவள் முறைத்த முறைப்புக்குக் கண்ணாடி தப்பியதே பெரிய காரியம்.

பின்னே? ஒவ்வொரு வசனத்துக்கும் "இன்னொரு தடவை" என்று கேட்டு இழுத்தடிப்பவன் அவன்தானே.

அந்த நேரம் பார்த்து ஹார்ட் டிஸ்க் நிறைந்து, பதிவு நின்றுபோனது.

"தப்பா பேசினதையெல்லாம் அழிச்சுத் தொலைப்பா. இடம் வந்துடும்ல?" என்றார் தயாரிப்பாளர்.

ஒலிப்பதிவாளன் கட்டளை எழுதும் கறுப்புத் திரையைத் திறந்தான்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கோப்புறை. அதற்குள் நல்ல பதிவுகளுக்குச் 'சரி' என்று ஒன்று, வாய் குழறியவற்றுக்குத் 'தப்பு' என்று ஒன்று. ஒவ்வொன்றாகத் திறந்து தேடினால் பொழுது போய்விடும். அதனால் கம்ப்யூட்டருக்கு ஒரு மாதிரி வடிவத்தை மட்டும் எழுதிக் காட்டுவார்கள்:

*/தப்பு/*

நட்சத்திரம் இருக்கிற இடத்தில் எந்தப் பெயர் வேண்டுமானாலும் வரலாம். தெரு எதுவானால் என்ன, வீடு எதுவானால் என்ன, வாசலில் 'தப்பு' என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வா என்பது போல.

அழிக்கும் முன்னால், அகப்பட்டது எதுவென்று ஒருமுறை காட்டச் சொல்லிப் பார்ப்பது நல்ல பிள்ளைகளின் பழக்கம். அந்தத் திரையில் அழித்தால் அழித்ததுதான். பொறுக்கி எடுக்கக் குப்பைத்தொட்டி கிடையாது.

இவனும் நல்ல பிள்ளைதான். ஆனால் எழுதிவிட்டு, எண்டரைத் தட்டும் முன்னால், சத்தம் போடாமல் ஒன்றைச் சேர்த்தான். கோப்பு இருக்கும் பாதையில் 'அணில்' என்று வந்தால் மட்டும் விட்டுவிடு.

திரையில் நாலைந்து வரி வந்தது. கரடியின் தும்மல் ஒன்று, நரிக்கு நாக்கு புரண்டது ஒன்று. அவ்வளவுதான். அதை அழித்து என்ன இடம் வரும்?

பின்னால் நின்ற தயாரிப்பாளர் குனிந்து பார்த்தார்.

"ஏம்பா, அணில் என்ன உன் மாமியார் வீட்டுச் சொத்தா? அதை மட்டும் ஏன் விட்டே? எடு அந்தச் சொல்லை."

எடுத்தான்.

வரிகள் ஏறின. ஏறிக்கொண்டே இருந்தன. கண் வலிக்கும்வரை அணில், தப்பு, அணில், தப்பு.

"அடேயப்பா! இவ்வளவு தப்பா? இந்தம்மாவை வெச்சுக்கிட்டு நான் என்னிக்குப் படத்தை முடிக்கிறது?"

கண்ணாடிக்குள் இருந்தவளுக்கு அதுவும் கேட்டது. முறைப்பெல்லாம் போய், முகம் சின்னதாகிவிட்டது. மெதுவாக ஹெட்போனைக் கழற்றினாள்.

அதைப் பார்த்தபின் அவனால் சும்மா இருக்க முடியவில்லை.

"சார், தப்பு அவங்க மேல இல்ல."

"பின்னே யார் மேல?"

அணிலின் 'தப்பு' கோப்புறையிலிருந்து ஒரு பதிவை எடுத்து ஓடவிட்டான்.

அணில் பேசியது. ஒரு பிசிறு இல்லை.

இன்னொன்றை ஓடவிட்டான். மூச்சு வாங்கும் இடம்கூட அளந்து வைத்தது போல இருந்தது. மூன்றாவதற்குப் போன கையைத் தயாரிப்பாளர் பிடித்துக்கொண்டார்.

"எல்லாமே நல்லாத்தானே இருக்கு! இதையெல்லாம் தப்புன்னு போட்ட புண்ணியவான் யாரு?"

புண்ணியவான் தலையைத் தூக்கவில்லை. காது மட்டும் சிவந்துபோய்க் கிடந்தது.

பிறகு ஒலிபெருக்கியில், அணிலின் கீச்சுக் குரலில் ஒரு கேள்வி வந்தது.

"இன்னொரு தடவை சொல்லட்டுங்களா, இன்ஜினியர் சார்?"

தயாரிப்பாளர் கண்ணாடியின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆளை மாத்த வேண்டியது அங்க இல்ல, இங்க" என்றார். ஆனால் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒலிப்பதிவாளன் அழிக்கச் சொல்லி எண்டரைத் தட்டினான். இந்த முறை அணிலையும் விடவில்லை. வசனத்துக்கு ஒன்று 'சரி'யில் இருந்தது, மீதி அத்தனையும் போயிற்று. சொந்தப் பல்லைப் பிடுங்கிக் கொடுத்தவன் போல உட்கார்ந்திருந்தான், பாவம்.

சாயங்காலத்துக்குள் அணில் பேசி முடித்துவிட்டது. வேலையும் நிலைத்தது.

அவனைத் திட்டாதீர்கள், கண்ணுகளா. ஒன்றை நான் இன்னும் சொல்லவில்லை. அன்று வேலை முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஏறி, ஒரே வீட்டுக்குத்தான் போனார்கள்.

அந்த வீட்டில் அவள் வாயைத் திறப்பதில்லை. குரல்தான் பிழைப்பு, தொண்டைக்கு ஓய்வு வேண்டும். உப்புக் குறைந்தால் விரலைக் காட்டுவாள். கோபம் என்றால் புருவம். கல்யாணமான நாளிலிருந்து பெண்டாட்டி பேசி அவன் கேட்டதெல்லாம் அந்தக் கண்ணாடி வழியாகத்தான்.

உங்கள் வீடுகளில் கூப்பிட்ட குரலுக்குப் பதில் குரல் கேட்கட்டும், என் செல்லங்களே. சண்டைச் சத்தமானாலும் பரவாயில்லை, பேச்சுக்குப் பஞ்சமில்லாமல் நிறைவாக இருங்கள்.