நாலாவது வளைவு

கார் திரும்பிவிட்டது.

வாத்தியார் நம்பவில்லை. ஏதோ கைதவறி நடந்திருக்கும் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே மலையிறக்கம், அதே மழை, அதே எழுபது கிலோமீட்டர் வேகம். நாலாவது வளைவில் காரின் பின்பக்கம் லேசாக விலகியது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் கொஞ்சம்போல ஒடித்தார். சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை மாதிரி கார் நேராகிவிட்டது.

மூன்றாம் தடவை ஒற்றைக் கையால் ஓட்டினார். அப்போதும் திரும்பியது. வளைவுக்கு அப்பால் சாலை நீண்டது. இத்தனை மாதத்தில் அதை அவர் பார்த்ததே இல்லை.

பேருந்துப் பணிமனையில் புது ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் அவர். இருபது வருட சர்வீஸ். அங்கே எல்லோருக்கும் அவர் வாத்தியார். அந்த மனிதர் சாப்பாட்டு மேசையில் ஸ்டியரிங்கைத் திருகி மாட்டி, அடியில் பெடல்களை வைத்து, டிவியில் கார் விளையாட்டு ஆடுகிறார் என்று கேலி செய்தவர்கள் உண்டு. காரணம் தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

போன வருடம் இப்படியொரு மழையில், இப்படியொரு வளைவில், வாத்தியாரும் மனைவியும் போன கார் தடுப்புச் சுவரில் மோதியது. முன்சீட்டில் இருந்த இரண்டு பேருக்கும் சிராய்ப்போடு போயிற்று. பின்சீட்டில் அவர்கள் மகள் வாலு இருந்தாள். ஒன்பது வயது.

துக்கம் விசாரிக்க வந்த வாத்தியாரின் அக்கா, போகிற போக்கில், "கொஞ்சம் சுதாரிச்சிருந்தா புள்ள பொழச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பாவி, அதைச் சொல்லாமல் போயிருக்கலாம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

பதினோராவது நாள் வாத்தியார் இந்த விளையாட்டை வாங்கி வந்தார். அதே வகைக் கார் அதில் இருந்தது. ஏறக்குறைய அதே வளைவும் இருந்தது. மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினார். டயர் கிறீச்சிட்டது, கார் சுழன்றது, டமாரென்று மோதித் திரை கறுத்தது. பத்துத் தடவை ஓட்டினார். பத்துத் தடவையும் மோதியது.

"எப்பேர்ப்பட்ட ஆளாலயும் முடியாது. பாத்தியா?"

அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல், மருந்து கொடுப்பது போல, காலையில் ஒரு தடவை அந்த மலையிறக்கம்.

இன்று காலை விளையாட்டு தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. கூடவே ஒரு குறிப்பு: ஈரச் சாலையில் பின்டயர்களின் பிடிமானம் நிஜத்துக்கு நெருக்கமாகத் திருத்தப்பட்டுள்ளது. பிழையைச் சுட்டிக்காட்டியவர்களுக்கு நன்றி.

சுட்டிக்காட்டியவர்களில் அவரும் ஒருவர். தப்பாக ஓடும் வண்டியைப் பார்த்துவிட்டு நாக்கை அடக்கத் தெரியாத தொழில். ஒரு நாள் பொழுது போகாமல் வேறொரு பந்தயப் பாதையில், வேறொரு காரை மழையில் ஓட்டிப் பார்த்தவர், டயரா இது, சோப்புக் கட்டியா என்று எரிச்சல்பட்டு, நிஜ ரப்பர் இவ்வளவு சீக்கிரம் வழுக்காது என்று நிறுவனத்துக்கு இரண்டு பக்கம் எழுதிப் போட்டார். மலையிறக்கத்திலும் அதே டயர்தான் ஓடுகிறது என்பது எழுதும்போது உறைக்கவில்லை. அல்லது உறைக்க அவர் விடவில்லை.

சமையலறையில் குழாய் நின்றது. மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வாத்தியார் ஓட்டினார். வளைவில் பிரேக்கை மிதிக்க வேண்டிய இடத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். மேசை விரிப்பு அவர் காலை மறைத்தது. டயர் கிறீச்சிட்டது. டமார்.

"முடியலயே" என்றார். குரல் அவருக்கே பொய்யாகக் கேட்டது.

அவள் தலையாட்டினாள். பிறகு எழுந்து அவர் தோளைத் தொட்டாள்.

"தள்ளுங்க. நான் ஒரு தடவை ஓட்டிப் பாக்கறேன்."

"இப்ப எதுக்கு? இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"ஸ்டியரிங்கத் தொட்டு ஒரு வருஷமாச்சுங்க. நீங்க இத்தன வாரம் காட்டினதுலதான் தைரியமே வந்திருக்கு. என் கையாலயும் ஒரு தடவை மோதிட்டா, அன்னிக்கு என் தப்பு இல்லன்னு மனசு ஆறிடும்."

அன்றைக்கு இரவு டியூட்டி முடித்து வந்த களைப்பில், "நீயே ஓட்டு" என்று சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் தூங்கிப்போனவர் வாத்தியார்தான்.

அவர் எழுந்து இடம் விட்டார். அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பழக்க தோஷத்தில், கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தை நிமிர்ந்து பார்த்தாள். பின்சீட்டைப் பார்க்கும் பார்வை அது.

டிவிக்கு மின்சாரம் தரும், தரையில் கிடந்த மின்பலகையின் சுவிட்ச் வாத்தியாரின் கால் பெருவிரலுக்கு எட்டியது. விரலை அதன்மேல் வைத்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு அதில் உயிர் வந்திருந்தது. அவரால் அழுத்த முடியவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்தே காலம் தள்ளியவர் அவர். இன்று முதல்முறையாக, வண்டி மோதவேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

மழை. முதல் வளைவு. இரண்டு. மூன்று.

நாலாவதில் அவள் கை தானாகவே எதிர்ப்பக்கம் ஒடித்தது.

டயர் கிறீச்சிடவில்லை.

அவள் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்காமல், திரையையே பார்த்தபடி, மெல்லக் கேட்டாள்.

"இதுக்கப்புறமும் ரோடு இருக்குதாங்க?"