மாலை நேரத்து வசவு

ஆர்கிரிஸின் வாயைக் கழுவ ஒரு ஆறே வேண்டும் என்பார் சார்ஜெண்ட் கனெலோஸ்.

கிரேக்க நாட்டின் வட எல்லை மலை. உள்நாட்டுப் போரின் மூன்றாவது குளிர்காலம். இந்த முகட்டில் அரசாங்கப் பட்டாளம், எதிர் முகட்டில் கலகக்காரர்கள். நடுவில் கண்ணிவெடி புதைத்த பள்ளம்.

சாயங்காலமானால் ஆர்கிரிஸ் வாயில் வைத்துக் கத்தும் தகரக் குழலை எடுத்துக்கொண்டு பாறைமேல் ஏறிவிடுவான். ஊரில் ஆடு மேய்த்தவன். இந்த மலையில் கூப்பிட்டால் அந்த மலையில் கேட்கும். அதனால்தான் அவனுக்கு அந்த வேலை. சரணடைந்தால் மன்னிப்பு உண்டு, சூடான ரொட்டி உண்டு என்று மேலிடம் சொல்லிக்கொடுத்ததை மளமளவென்று ஒப்பிப்பான். அப்புறம் தன் சொந்தச் சரக்கை அவிழ்ப்பான்.

“டேய் ஸ்தெர்யோஸ், பேன் புடிச்ச பயலே, இன்னும் சாகலையாடா நீ?”

எதிர் முகட்டிலிருந்தும் ஒரு குழல் பதில் சொல்லும்.

“உன்னைக் குழியில தள்ளிட்டுத்தான்டா சாவேன், கழுதை. உங்க பீன்ஸ் சூப்புல இன்னைக்கு எத்தனை புழு?”

“உன்னை மாதிரி ஒண்ணு கிடந்துச்சு. தூக்கி எறிஞ்சுட்டேன்.”

சிப்பாய்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கனெலோஸ் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஊரில் ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் பாடுகிறவர் அவர். எதிரியே ஆனாலும் ஒருவனைத் தினம் தினம் செத்துப் போ என்று சொல்லலாமா என்பது அவர் கட்சி. கிறிஸ்துமஸ் அன்று ஒரு நாளாவது வாயைக் கட்டு என்று கேட்டுப் பார்த்தார். ஆர்கிரிஸ் காதில் விழாதவன்போல் பனியைத் தட்டிவிட்டுப் பாறைமேல் ஏறினான்.

அப்படி என்னதான் பகை என்று ஒருமுறை விசாரித்தார்.

“எங்க ஊர்க்காரன். என் பூட்ஸைத் திருடிப் போட்டுக்கிட்டு மலைக்கு ஓடிட்டான்,” என்றான்.

ஒரு ஜோடி பூட்ஸுக்கு இத்தனை விஷமா? அதற்குப் பிறகு அவனோடு உத்தரவு தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை சார்ஜெண்ட்.

பனி உருகியதும் பட்டாளம் எதிர் முகட்டைப் பிடித்தது. ஓட முடிந்தவர்கள் எல்லை தாண்டி ஓடிப்போனார்கள். தொடையில் குண்டு பட்ட ஒருவன் மட்டும் பாறை இடுக்கில் அகப்பட்டான். லாம்ப்ரோஸ் என்று பெயர் சொன்னான். முப்பது வயதிருக்கும், எலும்பும் தோலுமாக இருந்தான்.

கூடாரத்தில் கனெலோஸே அவனுக்குக் கட்டுப் போட்டார். முடிகிற வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன், பிறகு மெல்லக் கேட்டான்.

“உங்க ஆளு ஆர்கிரிஸ், உயிரோட இருக்கானா?”

“எதுக்குக் கேக்கற? பழி தீர்க்கவா?”

இல்லை என்று தலையாட்டிவிட்டு அவன் சொல்லத் தொடங்கினான்.

ஸ்தெர்யோஸ் வேறு யாருமில்லை, ஆர்கிரிஸின் கூடப்பிறந்த தம்பி. தம்பி மலையில் இருப்பது தெரிந்தால் அண்ணனைச் சிறைத்தீவுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் இருவருமே வெளியே மூச்சு விடவில்லை. மற்றவன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு இருந்த ஒரே வழி அந்த வசவுதான்.

முதல் பனி விழுவதற்கு முன்பே ஒரு பீரங்கிக் குண்டு ஸ்தெர்யோஸைச் சாய்த்துவிட்டது. உயிர் பிரிவதற்குள் அவன் லாம்ப்ரோஸின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“என் குரல் நின்னுபோச்சுன்னா அந்த முட்டாள் என்னைத் தேடிக்கிட்டுப் பள்ளத்துல இறங்கிடுவான். கண்ணிவெடியில சிக்கிச் செத்துடுவான். எனக்குப் பதிலா நீ கத்துடா.”

அன்று முதல் எதிர் முகட்டிலிருந்து திட்டியது லாம்ப்ரோஸ்.

“என்னால முடிஞ்ச வரைக்கும் அவனை மாதிரியே திட்டினேன். இனிமே மறைக்க முடியாது,” என்றான். “வேற யாரும் சொல்ல வேண்டாம். நானே சொல்லிடறேன்.”

கனெலோஸ் கட்டை ஒருமுறை சரிபார்த்தார். பிறகு போய், கோவேறு கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த ஆர்கிரிஸைக் கூட்டிவந்தார்.

லாம்ப்ரோஸ் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தான். ஆர்கிரிஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அப்புறம் நகர்ந்து வந்து லாம்ப்ரோஸின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

“ஒரு குளிர்காலம் பூரா என் தம்பியை எனக்கு உயிரோட வெச்சிருந்தியேப்பா.”

அதுவரை கல்லாக இருந்த லாம்ப்ரோஸும் உடைந்து அழுதான். அழுது ஓய்ந்தபோது, பல மாதப் பாரத்தை இறக்கி வைத்தவன்போல் கண்ணை மூடித் தூங்கிப்போனான்.

வெளியே வந்ததும் கனெலோஸ் ஆர்கிரிஸின் தோளில் கை வைத்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தார்.

“பாவம், இத்தனை மாசமா தெரியாமலே இருந்திருக்கியேடா,” என்றார்.

“முதல் நாளே தெரியும் சார்ஜெண்ட். என் தம்பி குரல் எனக்குத் தெரியாதா?”

கனெலோஸ் நின்றுவிட்டார்.

“அப்புறம் எதுக்குடா அந்தப் பனியில நின்னு யாரோ ஒருத்தனைத் திட்டிக்கிட்டிருந்தே? இப்பவும் புதுசா கேக்கற மாதிரி…”

ஆர்கிரிஸ் கூடாரத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“எனக்காகத் தொண்டை கிழியக் கத்தினவன், சார்ஜெண்ட். எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா, அவன் தாங்குவானா?”