களிம்பு

ஒரு கை புளியை வெந்நீரில் கரைத்தாள். கல்லுப்பை அள்ளிப் போட்டாள்.

முதல் காசை உள்ளே விட்டாள்.

தேங்காய் நாரை எடுத்தாள்.

பழங்காசைத் தேய்த்து விளக்கவே கூடாது. காசு சேர்ப்பவர்களுக்கு அதுதான் முதல் பாடம். மேலே படிந்த கறுப்பும் பச்சையும்தான் அதன் வயசுக்குச் சாட்சி. அந்தக் களிம்பு போய்விட்டால் எந்த வியாபாரியும் தொட மாட்டான். பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

இது தெரியாதவளா அவள்?

பாவாடை கட்டிய வயதில் அமராவதி ஆற்று மணலில் குனிந்தவள். இன்னும் முழுதாக நிமிரவில்லை. ஆற்றில் மணல் சலிப்பவர்களிடம் பழங்காசுகளைக் கெஞ்சியும் வாங்கினாள், சண்டை போட்டும் வாங்கினாள்.

புருஷன் இருந்தவரை அதை ‘உன் குப்பை’ என்றுதான் சொன்னார். காசுகள் இருந்த மரப்பெட்டியில் கால் இடிக்கும்போது இன்னும் இரண்டு வார்த்தை சேரும். மற்றபடி கெட்ட மனிதரில்லை.

சாயங்காலம் மகன் நல்லசிவம் காசு வியாபாரியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

“எங்கப்பா சேத்து வெச்சதுங்க. நாளைக்குக் காலைல வந்து பொட்டியோட எடுத்துக்குங்க.”

அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விற்பது ஒரு கொடுமை. அந்த ‘எங்கப்பா’ அதைவிடக் கொடுமை.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காசைத் தேய்த்தாள். தரங்கம்பாடிக் காசைத் தேய்த்தாள். திப்பு சுல்தான் காசில் யானை புத்தம் புதுசாகப் பளிச்சிட்டது.

பார்க்கச் சகிக்கவில்லை.

வீடு பாத்திரச் சத்தம் என்று நினைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

கடைசியாக ஒன்று மிஞ்சியது. வில்லும் அம்பும் பொறித்த சேரர் காசு. கல்யாணமாகி வந்த வாரத்திலேயே மாமியார் இதைப் பார்த்துவிட்டு, செய்வினைக் காசு, கிணற்றில் போடு என்றாள். சரிங்க அத்தை என்று இவளும் போனாள். கிணற்றுக்குள் விழுந்தது ஒரு பத்துப் பைசா.

இதை மட்டும் ஒளித்து வைத்துவிடலாமா?

ஒளித்தால் தேடுவான். கிடைத்தால் விற்பான்.

அழுகை வந்தது. அழுதுகொண்டே தேய்த்தாள்.

காலையில் வியாபாரி வந்தார். பெட்டியைத் திறந்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணருகே கொண்டு போனவர் பாதியிலேயே கையை இறக்கிவிட்டார்.

“பளபளன்னு நல்லாத்தானுங்க இருக்குது?” என்றான் நல்லசிவம்.

வியாபாரி அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு காசாக எடுத்துப் பார்த்துப் பார்த்து வைத்தார். வில் அம்புக் காசு வந்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“அத்தனையும் பாழாக்கிப் போட்டீங்களே. இதைச் சேத்தவரு மட்டும் பாத்திருந்தா நெஞ்சு வெடிச்சுச் செத்திருப்பாருங்க.”

அவள் சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். புளித்தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். வியாபாரியின் கையிலிருந்த காசை வாங்கிப் பெட்டியில் வைத்தாள். மூடியை மூடிப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.

“இன்னும் வெடிக்கலீங்க,” என்றாள்.