ஸ்டியரிங்கில் எவனோ கை வைத்திருக்கிறான்

மூன்றாவது வளைவிலேயே சின்னக்கண்ணுவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்தக் காரில் எவனோ கை வைத்திருக்கிறான்.

சும்மா வந்த சந்தேகம் இல்லை. வாழ்நாள் பூராவும் லாரி ஓட்டிய கை அது. கொல்லிமலையில் எப்படி ஏற வேண்டும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கி, வண்டியை வலது பக்கம் நன்றாக விலக்கி, அப்புறம் ஒரே வீச்சாக ஒடிக்க வேண்டும். மலையில் அத்தனை பேரும் அப்படித்தான் ஏறுகிறார்கள்.

இந்தக் கார் விடமாட்டேன் என்றது. ரோட்டு நடுவே புதிதாகப் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைச் சக்கரம் தொட்டதோ இல்லையோ, கீங் கீங் என்று கத்தியது. ஸ்டியரிங் அவர் கையை மீறி இடது பக்கம் இழுத்தது. அவர் வலமாகத் திருப்பினால் அது இடமாகத் திருப்பியது. மூக்கணாங்கயிறு இல்லாத காளையைக் கொம்பைப் பிடித்து ஓட்டுகிற மாதிரி இருந்தது.

"ஏனுங்க, நீங்க குடிச்சிருக்கீங்களா, வண்டி குடிச்சிருக்குதா?" என்றாள் பின் சீட்டில் இருந்த பாப்பாயி.

மலைமேல் தேவனூர் நாட்டுக்காரி. அடிவாரத்தில் கக்கத்தில் ஒரு சேவலோடு நின்று கை காட்டினாள். மலை ரோட்டில் கை காட்டியவரை ஏற்றாமல் போனால், செம்மேடு வரைக்கும் அந்த வண்டியைப் பற்றித்தான் பேச்சாக இருக்கும். ஏற்றிக்கொண்டார்.

"நான் பச்சைத் தண்ணி கூடக் குடிக்கலை. பேசாம வா."

"சேவலுக்குத் தலை சுத்துதுங்க."

"கண்ணை மூடிக்கச் சொல்லு."

அடுத்த வளைவில் மேலேயிருந்து பஸ் இறங்கி வந்தது. வழிவிடலாம் என்று சின்னக்கண்ணு இடது ஓரம் ஒதுங்கினார். ஓரத்துக் கோட்டைத் தாண்டியதுதான் தாமதம், கீங் கீங் என்று கத்திக்கொண்டே ஸ்டியரிங் அவரை நேராக பஸ்ஸின் மூஞ்சிக்கு இழுத்தது! இரண்டு கையும் பத்தாமல் முழங்காலையும் கொடுத்து முட்டினார். உரசாமல் தப்பியது பெரிய காரியம். பஸ் டிரைவர் அவருடைய பரம்பரை முழுவதையும் விசாரித்துவிட்டுப் போனார். பாப்பாயி தனக்குத் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொன்னாள். சேவல் பறந்து வந்து முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டது.

"யாரு வண்டிங்க இது?" என்றாள் பாப்பாயி, மூச்சு வந்ததும்.

"சேந்தமங்கலம் மிளகு மண்டி அபுதாஹிர் பாய் வண்டி. மகன் துபாய்லருந்து கப்பல்ல அனுப்புனதாம்."

"உங்களுக்கும் அவருக்கும் ஏதாச்சும் பகைங்களா?"

"ஒரு பகையும் கிடையாது. அந்த மனுசனை நான் ஒரு சொல்லு சொன்னதில்லை."

"அப்படிப்பட்ட ஆளுங்களைத்தான் நம்பக் கூடாது. வேணும்னே நோண்டி விட்டிருக்காருங்க, பள்ளத்துல போய்த் தொலையட்டும்னு. நேரா போலீஸுக்கு விடுங்க."

"போலீஸா? அவனுகளுக்கும் எனக்கும் ஆகாது."

"உசுரை விடவா?"

சின்னக்கண்ணு யோசித்தார். வண்டியை எடுக்கும்போது, இப்படி இழுக்கும் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, எவனாவது சொன்னானா? சாவியை வண்டியிலேயே வைத்து, டேங்கை நிரப்பி, பளபளவென்று துடைத்தல்லவா நிறுத்தியிருந்தார்கள்! வெட்டப் போகிற ஆட்டுக்கு மாலை போட்ட மாதிரி. யோசிக்க யோசிக்கச் சதி பட்டப்பகல் போலத் தெரிந்தது. அவருக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. மனுசன் உயிர் என்றால் அவ்வளவு மலிவா?

செம்மேடு ஸ்டேஷன் வாசலில் காரைப் போட்டுவிட்டு, உள்ளே போய் மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"கேஸ் எழுதுங்க. கொலை முயற்சி."

ஏட்டு ராஜதுரை டீ டம்ளரைக் கீழே வைத்தார். "யாரு யாரைக் கொல்லப் பாத்தாங்க?"

"அபுதாஹிர் பாயும் அவரு மகனும். என்னையத்தான்! ஸ்டியரிங்கை நோண்டி விட்டு மலையேற வெச்சுட்டாங்க."

"நான் சாட்சிங்க," என்றாள் பாப்பாயி. "இந்தச் சேவலும் சாட்சி."

ஏட்டு வெளியே போய்க் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பின் கண்ணாடியில் மண்டியின் பெயரும் போன் நம்பரும் ஒட்டியிருந்தன. திரும்பி வந்து போன் போட்டார். வெகுநேரம் 'ம்' கொட்டினார். அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"பெரியவரே, உங்களை யாரும் கொல்லப் பாக்கலீங்க. டிரைவர் கண்ணசந்தாலும் வண்டி கோட்டுக்குள்ளயே போறதுக்கு அது ஒரு வசதியாம். வெளிநாட்டு ரோட்டுக்குச் செஞ்சது. நம்ம மலைக்கு ஒத்து வராதுன்னு, ஏறறப்ப பாய் ஸ்டியரிங் பக்கத்துல இருக்கற பட்டனை அமுக்கி அதை நிறுத்திருவாராம்."

"நிறுத்திருவாராமா?" சின்னக்கண்ணு எகிறினார். "அதை முன்கூட்டியே சொல்றதுக்கு என்ன கேடு? பஸ்ஸுக்கு அடியில போயிருப்பேன்! கொலை இல்லைன்னா அஜாக்கிரதைன்னு எழுதுங்க. அந்த ஆளு இங்க வந்து பதில் சொல்லாம நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்."

"நகர வேண்டாங்க, உக்காருங்க." ஏட்டு போனைக் காதிலிருந்து எடுக்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டார். "அவரும் கிளம்பி வந்துக்கிட்டேதான் இருக்காரு. அதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொல்றாரு."

"என்னவாம்?"

"ஜும்மா தொழுகைக்குப் போறப்ப பள்ளிவாசல் முன்னால நிறுத்துன காரு, தொழுதுட்டு வெளிய வர்றதுக்குள்ள எப்படிங்க காணாமப் போச்சு?"