பத்து மணிக்குள் அழுக்கு

"இன்னும் அழுக்கு வேணும்! கொண்டா, கொண்டா!" என்று கத்தினார் சர்வேயர்.

அவர் மனைவி மூன்றாவது வாளி டீயை நீட்டினாள். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ஒரு பட்டாளமே குடித்தாலும் மிச்சமாகும். சர்வேயர் அதில் ஸ்பாஞ்சை முக்கி, மாடிச் சன்னலுக்குக் கீழே பதமாக ஒற்றினார்.

"ஏங்க, பத்து மணிக்கு நடுவர் வந்துடுவார். இப்பவே எட்டரை."

"அந்தக் கவலை உனக்கு ரெண்டு நாள் முன்னாடி இருந்திருக்கணும்!"

அம்மாள் வாயை மூடிக்கொண்டாள். கல்யாணமான முப்பத்தாறு வருடத்தில் இது இரண்டாவது தடவை.

ரிட்டயர் ஆனதிலிருந்து சர்வேயருக்கு ஒரே பைத்தியம்தான். பழைய கட்டடங்களை அச்சு அசலாக, விரிசலும் கறையுமாக, கைக்கடக்கமாகச் செய்து வைப்பார். ஆண்டுதோறும் நடக்கும் மாடல் போட்டியில் மூன்று வருடமாக அவருக்கு இரண்டாம் பரிசு, பல் டாக்டருக்கு முதல் பரிசு.

அந்த டாக்டர் காலை நடையில் எதிர்ப்பட்டால் போதும். இருக்கிற முப்பத்திரண்டு பல்லோடு, கடன் வாங்கிய நாலு பல்லையும் சேர்த்துக் காட்டி, "என்ன சார், இந்த வருஷமும் ரெண்டாவதுதானா?" என்பார்.

இந்த முறை சர்வேயர் விடுவதாக இல்லை. தொண்ணூறு வயதான தன் வீட்டையே ஐம்பதில் ஒரு பங்காகச் செய்ய உட்கார்ந்தார். எட்டு மாதம் ஒவ்வொரு விரிசலையும் டேப் பிடித்து அளந்தார். பல்லி ஓடிய தடத்தைக்கூட விடவில்லை.

"இந்தத் தடவையும் தோத்தா, பிரஷ், பசை எல்லாத்தையும் குப்பையில கொட்டிட்டுச் சும்மா உட்கார்ந்துடறேன்" என்று மனைவியிடம் சத்தியமும் செய்திருந்தார். சும்மா உட்கார்ந்த சர்வேயரை அம்மாள் ஒரு வாரம் பார்த்திருக்கிறாள். அதைவிட டீ போடுவது சுலபம்.

போட்டியின் விதி கறாரானது. போட்டோ கீட்டோ எதுவும் செல்லாது. நடுவர் நேரில் வந்து, அசலையும் நகலையும் தன் கண்ணால் ஒப்பிட்டுத்தான் மார்க் போடுவார்.

எல்லாம் முடிந்த நிம்மதியில் சர்வேயர் தங்கை வீட்டுக்குப் போய் மூன்று நாள் தங்கினார். நேற்று மதியம் திரும்பியவர் பார்த்தார். வாசலிலேயே பெட்டியோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

கறை, பாசி, துரு எதுவும் பாக்கியில்லை. கட்டடம் புதுப் பாத்திரம் மாதிரி பளபளவென்று நின்றது.

"நல்லதுன்னு நெனச்சுத்தாங்க தேய்ச்சுக் கழுவினேன்! பெரிய மனுஷர் வர்றாரே, பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு…"

"எத்தனை வருஷத்து அழுக்குன்னு தெரியுமா? கடையில கேட்டா கிடைக்குமா?"

அதனால்தான் விடிந்ததிலிருந்து இந்த யுத்தம். அசலையும் நகலையும் மாறி மாறிப் பார்த்ததில் சர்வேயரின் கழுத்து மின்விசிறியாகச் சுழன்றது. மழைக்கறை என்றால் மேலே தடித்து, இறங்க இறங்க மெலிய வேண்டும். டீயை அதன் போக்கிலேயே வழியவிட்டார். குழாய் ஓரத்துக்கு, ஆணி ஊறிய வினிகரால் துரு ஏற்றினார். பச்சை பெயிண்டில் மரத்தூளைக் குழைத்து அப்பினார், பாசி பிடித்தது.

நடை முடித்து வந்த பல் டாக்டர் நின்று எட்டிப் பார்த்தார். "தேய்ங்க சார், நல்லாத் தேய்ங்க! ரெண்டாவது பரிசு எங்கயும் போயிடாது!"

சர்வேயர் ஸ்பாஞ்சை டாக்டர் மேல் எறியாமல் இருந்ததற்கு, டீ பற்றாக்குறை ஒன்றுதான் காரணம்.

"ஏம்மா, இடது பக்கம் ஒரு காக்கா எச்சம் இருந்துச்சே!"

"டூத்பேஸ்ட்டைத் தொட்டு வைங்க. பல் டாக்டரை ஜெயிக்க அதுதான் சரி."

நேற்று மதியத்துக்குப் பிறகு சர்வேயர் முதல் தடவையாகச் சிரித்தார்.

சரியாகப் பத்துக்குக் கார் வந்து நின்றது. சர்வேயர் மேலேயிருந்து தடதடவென்று இறங்கி, டீக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடினார்.

பேசினால் அபராதம் கட்ட வேண்டும் என்பது போன்ற முகம் நடுவருக்கு. பூதக்கண்ணாடியை எடுத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். சர்வேயரின் நெஞ்சு அடித்த சத்தம் நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும்.

"அந்த மழைக்கறை…" என்றார் நடுவர், அரை மணி கழித்து.

"சார்?"

"அந்தக் காக்கா எச்சம்…"

"சார்…"

"பிரமாதம்! ஒரு புள்ளி வித்தியாசம் இல்ல. நூத்துக்கு நூறு!"

நோட்டில் மார்க்கைப் போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டார். பல் டாக்டரின் முப்பத்தாறு பல்லும் ஒவ்வொன்றாக உதிர்வது சர்வேயரின் மனக்கண்ணில் தெரிந்தது. அம்மாள் சந்தோஷத்தில், "ஒரு டீ சாப்பிடுங்க சார்" என்று ஆரம்பித்து, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கிளம்பும்போது நடுவர் ஆசையாகச் சுவரை ஒருமுறை தடவினார். உள்ளங்கை முழுக்கப் பழுப்பு. மெதுவாக மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

நடுவர் கையைத் துடைத்தார். அந்த முகத்திலும் சிரிப்பு வந்தது.

"மாடல் நல்லாக் காஞ்சிருக்கு சார். உங்க வீடுதான் இன்னும் ஈரமா இருக்கு!"