ஓடி ஒளியாதவள்

ரூபினா உள்ளே வந்ததும் முக்காட்டை இழுத்து நாற்காலியில் போட்டாள். ரியாஸின் தட்டில் கிடந்த ஆப்பத்தில் பாதியைப் பிய்த்து வாயில் திணித்துக்கொண்டு, "தாஜும்மா, தேங்காப்பால் பத்தலீங்க" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

மீதிப் பாதியை ரியாஸ் தின்னவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். பையனுக்கு வயது பதினெட்டு, பசி போய் ஒரு மாதமாகிறது.

கோட்டைமேட்டில் இரண்டு பேர் வீடும் ஒரே காம்பவுண்டில்தான் இருந்தன. ரூபினாவுக்கு ஏழு வயதாகும்போது அவள் அத்தா கடையைப் பாலக்காட்டுக்கு மாற்றிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டார். போன மாதம்தான் திரும்பி வந்தார்கள். மூக்கு ஒழுகிக்கொண்டு போன பெண் இப்படி வந்து நிற்பாள் என்று ரியாஸிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை.

சரவணம்பட்டியில் அவன் படிக்கும் கல்லூரியிலேயே அவளும் சேர்ந்தாள். "பஸ்ல எதுக்கு நசுங்கறே அம்மணி? ரியாஸ் வண்டியில போயிட்டு வா" என்றாள் தாஜுன்னிசா. சொன்னது தன் அம்மாதானா என்று ரியாஸுக்கே சந்தேகம்.

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. அதே தெருவில் தாய்மாமன் உமர் பாரூக்கின் வீடு. மாமா மகள் ஷிபானா, இவன் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு உள் அறைக்கு ஓடிவிடுவாள். டீ கொண்டுவந்து வைப்பதுகூட மாமிதான். ஒருமுறை அந்த அறைப் பக்கம் தெரியாமல் எட்டிப் பார்த்ததற்கு அம்மா காதைத் திருகியிருக்கிறாள். அதே அம்மாதான் இப்போது ரூபினாவை வண்டியில் ஏற்றி அனுப்புகிறாள்.

கேன்டீனில் இதைப் பிரவின்குமாரிடம் சொன்னான். பிரவின்குமார் துடியலூர்க்காரன். காதல், கல்யாணம் இரண்டிலும் தனக்குத் தெரியாதது இல்லை என்று நம்புகிறவன்.

"மாப்ளே, ஓடறவ உனக்கில்லை. ஓடாதவதான் உனக்கு" என்றான். "எங்கக்காளை மாமங்கூடப் போன்ல பேச உட்டதே உப்புச்சக்கரை மாத்தி நிச்சயம் பண்ணுனதுக்கு அப்புறந்தான். உங்கூட்ல பெரியவங்க பேசி முடிச்சுப்போட்டாங்கடா. உங்கிட்டச் சொல்றதுதான் பாக்கி."

"அப்படீங்கறே?"

"பின்னே? சும்மா யாராச்சும் வயசுப்புள்ளைய வண்டியில ஏத்தி உடுவாங்களா?"

ரியாஸுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அன்று சாயங்காலம் காந்திபுரம் சிக்னலில் நிற்கும்போது, திரும்பிப் பார்க்காமலே கேட்டுவிட்டான்.

"ரூபி, படிப்பு முடிஞ்சா மறுபடி எங்கியாச்சும் போயிருவியா?"

"எங்க போனாலும் உங்கூட்டுக்குத்தாண்டா வந்து நிப்பேன்" என்றாள் அவள். "நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நீதானே வரணும்."

பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், ஒருவர் வாய்விட்டே திட்டினார். ரியாஸ் அதற்கும் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான். அத்தனை சந்தோஷத்தை அவன் அதுவரை அனுபவித்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்தவனை அம்மா அடுப்படிக்குக் கூப்பிட்டாள். தால்ச்சாவைக் கிளறிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"மாமா கேக்கறாருடா. நீ படிச்சு ஒரு வேலைக்குப் போனதும் ஷிபானாவை உனக்குப் பண்ணலாமான்னு. அவளுக்கு வெளிய எடம் வருதாம். இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள நாம ஒரு வார்த்தை சொல்லிப்போட்டா, வேற பாக்காம நிறுத்திக்குவாரு. என்ன கண்ணு சொல்லட்டும்?"

ரியாஸ் கணக்குப் போட்டுப் பார்த்தான். தலையை ஆட்டினால் மாமா அதையே வாக்காக எடுத்துக்கொள்வார், ரூபினா கைவிட்டுப் போய்விடுவாள். மாட்டேன் என்றால் அம்மாவின் ஒரே அண்ணன் இந்த வாசலை மிதிக்க மாட்டார். மாமா மிதிக்காவிட்டால் பரவாயில்லை என்று முடிவு செய்ய அவனுக்கு அரை நிமிடம் ஆனது.

"எனக்கு ஷிபானா வேண்டாம்மா."

"ஏண்டா, புள்ளைக்கு என்ன கொறை?"

"கொறையெல்லாம் ஒண்ணுமில்லை. ரூபினாவைத்தாம்மா நான் கட்டிக்குவேன்."

தாஜுன்னிசா கரண்டியை நிறுத்தினாள்.

"உனக்குத் தெரியாததா? நீதானே தெனமும் வண்டியில கூட்டிட்டுப் போன்னு சொன்னே" என்றான் ரியாஸ். "அவளை வுட்டா எனக்கு வேற யாரும் வேண்டாம்மா."

அவள் அடுப்பை அணைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மகனை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் வரும் என்று அவன் எதிர்பார்த்தான், வரவில்லை.

"அது மார்க்கத்துல ஆகாது கண்ணு."

"ஏன் ஆகாது? அவங்க யாரு, நாம யாரு? எல்லாம் ஒரே ஜமாத்துதானே?"

"அப்ப நான் உனக்குச் சொன்னதே இல்லையாட்ட இருக்குது."

"என்னத்தை?"

தாஜுன்னிசா அவன் தோளில் கை வைத்தாள்.

"அவளைப் பெத்ததும் அவங்கம்மா காமாலையில படுத்துட்டா. உனக்கு ஒரு பக்கம், அவளுக்கு ஒரு பக்கம்னு ஆறு மாசம் நாந்தாண்டா பால் குடுத்தேன், மார்க்கத்துல அவ உனக்குத் தங்கச்சி."