காலைக் காட்சிக்குப் பட்டுப்புடவை

பச்சைப் பட்டுப்புடவையை உடுத்தி, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு முத்தம்மா கிளம்புவதைக் கணேசமூர்த்தி போர்வைக்குள்ளிருந்தே பார்த்தான். மகன் தூங்குகிறான் என்று நினைத்து அவள் ஓசைப்படாமல் கதவைச் சாத்தினாள்.

பொம்மசந்திரா ஃபாக்டரியில் இன்று அவனுக்கு வார விடுமுறை. எதிர்வீட்டு லட்சுமம்மா நேற்றே தன் கன்னடம் கலந்த தமிழில் காதில் போட்டிருந்தாள். "தப்பா நெனைக்காதப்பா. உங்கம்மா தினா சிங்காரிச்சிக்கிட்டு டாக்கீஸ் பக்கம் போறாங்க. யாரைப் பாக்கவோ, அந்த தேவரு சாமிக்குத்தான் தெரியும்."

அந்த வார்த்தை அவனைக் குடைந்தது. அவன் வயிற்றிலிருக்கும்போதே, மெட்ராஸுக்குப் பிழைக்கப்போன நாடகக்கார அப்பா அங்கேயே காய்ச்சலில் செத்துப்போனார். அதன்பிறகு அம்மா யாரிடமும் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசியதில்லை. வீட்டில் இரண்டு பேர் இருந்தும் ரேடியோ சத்தம்தான் கேட்கும்.

செருப்பை மாட்டிக்கொண்டு பின்தொடர்ந்தான். தொம்மலூரிலிருந்து அல்சூர் டாக்கீஸ் வரை அவள் நடந்தே போனாள். அங்கே தெலுங்கிலிருந்து தமிழுக்கு டப்பிங் செய்த பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே கூட்டமே இல்லை. அம்மா நடு வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளைத் தேடி யாரும் வரவில்லை. பாட்டு வந்தபோது எழுந்து வெளியே போனாள், முடிந்ததும் ஓடிவந்தாள்.

திரையில், பிள்ளைகள் விரட்டிவிட்ட ஜமீன்தார் கொட்டுகிற மழையில் நின்று வானத்தைப் பார்த்து முழங்கினார். மார்பில் அடித்துக்கொண்டார், சிரித்தார், அழுதார். வசனம் முடிகிற வழியாக இல்லை. அம்மா கண்களை மூடிக்கொண்டிருந்தாள்.

கணேசமூர்த்திக்கு மனசு லேசானது. ஒருத்தருமில்லை, வெறும் சினிமாப் பைத்தியம். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஏம்மா, தூங்கறதுக்கா டிக்கெட் வாங்கினே?"

அவள் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். முன்வரிசையில் எவனோ கேலியாக விசிலடித்தான்.

"அய்யய்யோ, என்னமா கத்தறான் இந்தாளு! காதே கிழியுது" என்று இவனும் சிரித்தான்.

அம்மாவின் கை அவன் மணிக்கட்டை இறுகப் பற்றியது. "சிரிக்காதடா. போன வாரம் இந்தப் பக்கமா போறப்ப வெளியில கேட்டுச்சு. அதுக்கு மேல கால் நகரல. இன்னியோட படத்தை எடுத்துடறாங்களாம். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிக்கிட்டிருந்தேன், நீயே வந்துட்டே."

"இந்த நடிகரை அவ்ளோ புடிக்குமா உனக்கு?"

அவள் திரையைப் பார்க்கவில்லை. மகனின் முகத்தையே பார்த்தாள்.

"மூஞ்சி யாருதோடா. கொரலு உங்கப்பாது."